குறைத்து எழுதிய சம்பளக் கணக்கு யார் தலையில் விழும்?

சேலம் வட்டாரத்தின் மரவள்ளிக் கிழங்கு மில்களிலும் கொலுசுப் பட்டறைகளிலும் கல் கிரஷர்களிலும் சேர்வராயன் மலைத் தோட்டங்களிலும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு பல நேரங்களில் யாரோ ஒருவர் கேட்டதற்காகவே எடுக்கப்படுகிறது. ஒப்பந்தப்புள்ளியோடு நகல் இணைக்க வேண்டியிருக்கும். அல்லது சரக்கு வாங்கும் பெரிய நிறுவனம் தணிக்கைக்கு வரும்போது ‘டபிள்யூ.சி. பாலிசி இருக்கிறதா’ என்று கேட்டிருக்கும். கேட்டவரிடம் காட்டுவதற்கென்று எடுக்கும் பாலிசி என்பதால், பிரீமியம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. 40 பேர் வேலை செய்யும் இடத்தில் 15 பேர் என்றும், இயந்திரத்தில் நிற்பவரை அலுவலக உதவியாளர் என்றும், மாதம் 15,000 ரூபாய் வாங்குபவரை 8,000 ரூபாய் வாங்குபவர் என்றும் முன்மொழிவுப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அப்படித்தான் நடக்கிறது. இதனால் காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான் நட்டம் என்று முதலாளிகள் பலர் நினைக்கிறார்கள். சட்டத்தையும் பாலிசியின் நிபந்தனைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நட்டத்தில் பெரும்பகுதி கையெழுத்துப் போட்டவர் மீதும் அவரிடம் வேலை செய்தவரின் குடும்பத்தின் மீதும் விழுவது தெரியும்.

முதலில் பொறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் ஏற்படும் விபத்தில் ஒருவர் காயம்பட்டாலோ இறந்தாலோ, முதலாளி மீது தவறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலேயே இழப்பீட்டை அவர் மீது சுமத்தியது. அதற்கு முன்பு 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்க நினைக்கும் குடும்பம், முதலாளியின் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டியிருந்தது. 1923க்குப் பிறகு அந்தச் சுமை இறங்கியது. இன்றும் விபத்து நடந்ததும் முதலாளிகள் வாயில் முதலில் வருவது ‘அவன் கவனமில்லாமல் கை விட்டுவிட்டான்’ என்பதுதான். அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடம் மிகக் குறைவு. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே கழற்றிவைத்தல் ஆகிய மூன்றையும் முதலாளி எதிர்வாதமாகச் சொல்லலாம். ஆனால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டிருந்தால் அவையும் உதவாது.

2009ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தின் பெயரைப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாற்றியதோடு, எந்தெந்த வேலைகள் சட்டத்துக்குள் வரும் என்று பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில் இருந்த ‘இத்தனை பேருக்கு மேல் வேலை செய்தால்’ என்ற எண்ணிக்கை வரம்புகளையும் நீக்கியது. எனவே மின்சாரத்தில் இயங்கும் உருட்டு இயந்திரத்தோடு நான்கைந்து பேர் வேலை செய்யும் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையும் இந்தப் பொறுப்பின் வரம்புக்குள் வந்தது. ‘நம்முடையது சின்னப் பட்டறைதானே’ என்று ஒதுங்கிக்கொள்ள வழி இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020, பழைய சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறது. முதலாளியின் பொறுப்பு அதன் ஏழாவது அத்தியாயத்தில் ஏறக்குறைய அதே வடிவில் தொடர்கிறது.

இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது இழப்பீட்டைத்தான், காப்பீட்டை அல்ல. வாகனங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியதைப் போன்ற பொதுவான ஏற்பாடு இந்தச் சட்டத்தில் இல்லை. தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அந்தத் தொகையை முதலாளிக்காகக் கொடுக்கக் காப்பீட்டு நிறுவனம் தனியாக ஒரு ஒப்பந்தத்தில் ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஒப்பந்தம் பொய்யின் மேல் எழுதப்பட்டு உடைந்துபோனால், முதலாளி தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கொடுக்கும் கை மட்டும் மாறும்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளி இ.எஸ்.ஐ. சட்டத்தின்கீழ்ப் பலன் பெறும்போது, அதே விபத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தின்கீழும் கேட்க முடியாது என்பது உண்மை. ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் ஃபிட்டரும் மேற்பார்வையாளரும் இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள பட்டறைகளும் மலைத் தோட்டங்களும் நெடுங்காலமாக அதற்கு வெளியேதான் இருந்துவந்தன. இவர்களுக்கு ஒன்று நேர்ந்தால் இழப்பீட்டுச் சட்டம்தான் துணை.

இனித் தொகையைப் பார்ப்போம். இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை, அவருடைய வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் காரணியால் பெருக்க வேண்டும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2010இல் 8,000 ரூபாயாகவும், 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 30 வயதுக்கான காரணி 207.98. அந்த வயதில் மாதம் 15,000 ரூபாய் வாங்கிய ஒருவர் விபத்தில் இறந்தால், 7,500ஐ 207.98ஆல் பெருக்கக் கிடைக்கும் 15,59,850 ரூபாயைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். ஈமச் செலவு தனி. நிரந்தர முழு ஊனம் என்றால் சம்பளத்தில் பாதிக்குப் பதில் 60 சதவீதம் என்பதால், அதே நபருக்கு 18,71,820 ரூபாய் ஆகிறது. ஒரு கையின் நான்கு விரல்களை இழப்பது 50 சதவீத ஊனம் என்று முதல் அட்டவணை சொல்கிறது. 25 வயதுக்காரருக்குக் காரணி 216.91 என்பதால், அரைக்கும் இயந்திரத்தில் நான்கு விரல்களைப் பறிகொடுத்தவருக்கு 9,76,095 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவு இதற்கு மேல்.

அட்டவணைச் சதவீதம் எல்லா நேரத்திலும் கடைசி வார்த்தையாக இருப்பதில்லை. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சரின் வழக்கில், தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது என்பதால் அவர் தன் சம்பாதிக்கும் திறனை முழுவதுமாக இழந்துவிட்டார் என்ற, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையரின் முடிவை, 1976இல் வெளியான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. விபத்து நடந்த நாளிலேயே பொறுப்பு எழுந்துவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தறி ஓட்டுபவர், நகைக் கம்பி இழுப்பவர், வெல்டர் என்று கைத்திறனை நம்பியே பிழைக்கும் சேலத்துத் தொழிலாளர்களுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய ஆதரவு என்பதையும், முதலாளி சுமக்க வேண்டிய தொகையை அது எவ்வளவு உயர்த்தக்கூடும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சுமையை ஏற்றுக்கொள்ளும் காப்பீட்டு நிறுவனம் இரண்டு தகவல்களை நம்பியே விலை சொல்கிறது. ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார் என்பது ஒன்று. ஆண்டு முழுவதும் கொடுக்கப்படும் மொத்தச் சம்பளம் எவ்வளவு என்பது மற்றொன்று. வேலையின் ஆபத்துக்கு ஏற்ற விகிதத்தைச் சம்பளத் தொகைக்குப் போட்டுப் பிரீமியம் கணக்கிடுகிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் சொல்லும் சம்பளம் ஒரு மதிப்பீடுதான் என்பதைப் பாலிசியே ஒப்புக்கொள்கிறது. சம்பளப் பதிவேட்டை முறையாக வைத்திருக்க வேண்டும், நிறுவனம் கேட்டால் காட்ட வேண்டும், காலம் முடிந்து ஒரு மாதத்துக்குள் உண்மையில் கொடுத்த சம்பளக் கணக்கை அனுப்ப வேண்டும் என்பது வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. கொடுத்தது கூடுதலாக இருந்தால் மேற்கொண்டு பிரீமியம் கட்ட வேண்டும். குறைவாக இருந்தால், குறைந்தபட்சப் பிரீமியத்துக்கு உட்பட்டு, மீதி திரும்ப வரும். கிழங்கு வரத்து நன்றாக இருக்கும் ஆண்டும் வறண்ட ஆண்டும் மாறி மாறி வரும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைப்பது அரிது. மதிப்பீடு பிசகிவிடுமோ என்று பயந்து குறைத்துச் சொல்ல வேண்டிய தேவையே இங்கு இல்லை. ஆனாலும் ஆண்டு முடிவில் அந்தக் கணக்கை அனுப்பும் வழக்கம் இல்லாத நிறுவனங்கள் ஏராளம். கேட்டு வாங்கும் அக்கறை இல்லாத காப்பீட்டுக் கிளைகளும் உண்டு.

குறைத்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் 40 பேர், ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 72 லட்சம் ரூபாய். பாலிசியில் 15 பேர் என்று மட்டும் எழுதியதால் அது 27 லட்சமாகத் தெரிகிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விகிதத்தை நூற்றுக்கு ஒரு ரூபாய் என எடுத்துக்கொண்டால், மறைத்த 45 லட்சத்துக்கு மிச்சமான பிரீமியம் 45,000 ரூபாய். அந்த ஆண்டில் 30 வயதுத் தொழிலாளி ஒருவர் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி, வாயு தாக்கி இறந்துபோகிறார். இழப்பீடு 15,59,850 ரூபாய். அறிவித்த சம்பளம் உண்மைச் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தால் அதே விகிதத்தில்தான் தருவோம் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கிறது. 72க்கு 27 என்பது 37.5 சதவீதம். நிறுவனம் கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 5.85 லட்சம், மீதமுள்ள ஏறத்தாழ 9.75 லட்சத்தை முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டும். அதுவும் அந்த நிறுவனம் விகிதாசாரத்தோடு நின்றால்தான். பெயர்ப் பட்டியலோடு எடுத்த பாலிசியாக இருந்து, இறந்தவரின் பெயர் அதில் இல்லை என்றால், அந்த 37.5 சதவீதமும் கிடைக்காமல் போகலாம்.

எண்ணிக்கையைக் குறைப்பது ஒரு வகை. வேலையின் தன்மையை மாற்றி எழுதுவது இன்னொரு வகை. இதுதான் ஆபத்து கூடியது என்பது என் கருத்து. ஏற்காடு, நாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்து நட்டது முதல் இந்த மலையில் காப்பி இருக்கிறது. காப்பித் தோட்டப் பணியாளர்கள் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டவர்கள். ஆனால் தோட்ட வேலை என்ற ஒற்றைப் பெயருக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. களை எடுப்பவரும் பழம் பறிப்பவரும் தரையில் நிற்கிறார்கள். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிப்பவர் உயரமான ஏணியின் உச்சியில் நிற்கிறார். நிழல் மரத்துக் கிளை கழிப்பவர், கயிறு கட்டிக்கொண்டோ கட்டாமலோ, அதற்கும் மேலே ஏறுகிறார். எல்லோரையும் களை எடுப்பவர் கணக்கில் சேர்த்தால் பிரீமியம் குறையும். ஆனால் விழுந்து முதுகெலும்பு முறிபவர் மேலே இருந்தவர்தான். அவருடைய வேலை படிவத்தில் இல்லாத வேலை என்பதால், பாலிசி இருந்தும் இல்லாததாகிவிடும். பறிப்புக் காலத்தில் கூடுதலாக அழைத்துவரப்படும் தினக்கூலி ஆட்களும் இப்படித்தான் கணக்கில் வராமல் போகிறார்கள். நவம்பருக்குப் பிறகு ஆட்கள் இரட்டிப்பாகும் தோட்டம், ஆகஸ்டில் இருந்த எண்ணிக்கையை எழுதிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

தோட்ட முதலாளிகள் மறக்கக்கூடாத இன்னொரு பொறுப்பும் உண்டு. தோட்டம் கொடுத்த குடியிருப்பு இடிந்து விழுந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தினரோ இறந்தால் அல்லது காயமடைந்தால், இயற்கைப் பேரிடரோ குடியிருப்பவரின் தவறோ மட்டுமே காரணமாக இல்லாதவரை, இழப்பீடு தோட்டத்தைச் சேரும். முன்பு தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு புதிய சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. வரிசையாகக் கட்டிய பழைய லயன் வீடுகளின் நிலையைச் சொல்லாமல் பாலிசி எடுப்பவர் இதை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது வகை மறைப்பு, ஒப்பந்ததாரர் என்ற திரைக்குப் பின்னால் நடக்கிறது. மூட்டை தூக்குபவர்கள், கட்டட வேலைக்கு வருபவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேஸ்திரி கூட்டிவந்து ஆலை வளாகத்திலேயே தங்கவைத்திருக்கும் இளைஞர்கள் ஆகிய யாரும் ‘நம் ஆட்கள்’ கணக்கில் வருவதில்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தன் தொழிலின் வழக்கமான பகுதியான வேலையை ஒப்பந்ததாரரிடம் விட்ட முதன்மை முதலாளி, அந்த ஆட்களுக்கும் தன் ஆட்களைப் போலவே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. கொடுத்ததை ஒப்பந்ததாரரிடமிருந்து வசூலித்துக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் விபத்து நடந்த மறுநாள் கைப்பேசியை அணைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகும் மேஸ்திரியிடம் எதை வசூலிப்பது? ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சேர்க்கும் கூடுதல் பாதுகாப்பைக் காப்பீட்டு நிறுவனங்கள் தனிப் பிரீமியத்துக்குத் தருகின்றன. அதைக் கேட்டு வாங்க வேண்டுமானால், அந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். குடும்பம் தொலைவில் இருக்கிறது, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று எண்ணுவதும் சட்டம் அறியாத எண்ணம். 21ஆம் பிரிவு, மனுதாரர் வழக்கமாக வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுக் கொடுக்க இடம் தந்தது. சேலத்தில் நடந்த விபத்துக்கு ஒடிசாவில் உள்ள ஒரு மாவட்டத்திலிருந்து நோட்டீஸ் வரலாம்.

இவ்வளவும் விபத்து நடக்கும்வரை வெளியே தெரிவதில்லை. பாலிசி போடும்போது யாரும் வந்து ஆட்களை எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே பொய்க்குத் துணிச்சல் தருகிறது. ஆனால் கிளைம் என்று வந்ததும் நிறுவனம் அனுப்பும் விசாரணையாளர் கேட்கும் ஆவணங்களைப் பாருங்கள்: வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பி.எஃப். சலான், வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு. வரிக் கணக்கில் சம்பளத்தைச் செலவாகக் காட்டினால் வரி குறையும் என்பதால் அங்கே 72 லட்சம் முழுதாக எழுதப்பட்டிருக்கும். அதே கையெழுத்தோடு காப்பீட்டுப் படிவத்தில் 27 லட்சம். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்த பிறகு விளக்கம் சொல்ல எதுவும் மிஞ்சாது. படிவத்தை ஏஜென்ட்தான் நிரப்பினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன் என்பது அடிக்கடி சொல்லப்படும் பதில். படிவத்தின் அடியில் ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை’ என்ற உறுதிமொழிக்குக் கீழே இருப்பது முதலாளியின் கையெழுத்து என்பதால், அந்தப் பதிலை நம்பியிருப்பது ஆபத்து.

காப்பீட்டில் மட்டும் இவ்வளவு கடுமை ஏன் என்ற கேள்வி நியாயமானது. ஒரு இயந்திரத்தை விலைக்கு வாங்குபவர் அதைத் தட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து வாங்கலாம். ஆனால் ஒரு ஆலையின் ஆபத்தை விலைக்கு ஏற்கும் நிறுவனத்துக்கு அந்த ஆலையின் உள்விவரம் தெரியாது. அது தெரிந்தவர் ஆலைக்காரர் ஒருவரே. சுமத்ராவில் இருந்த ஒரு ஆங்கிலேயக் கோட்டைக்கான காப்பீட்டு வழக்கில், 1766இல் இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்டு இந்தக் காரணத்தைச் சொல்லித்தான், தெரிந்ததை மறைப்பது ஒப்பந்தத்தையே முறித்துவிடும் என்றார். அந்த வழக்கில் தோற்றது காப்பீடு கொடுத்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். தானே அறிந்திருக்கக்கூடியதைக் காரணம் காட்டி அவர் பின்வாங்க முடியாது என்று முடிவானது. உண்மை பேசும் கடமை இரு தரப்புக்கும் உண்டு என்பது அப்போதே நிலைபெற்ற கருத்து. ஆகவே பிரீமியம் வாங்கும்போது எதையும் கேட்காமல் கிளைம் வரும்போது மட்டும் எல்லாவற்றையும் கேட்கும் நிறுவனங்களையும், கமிஷனுக்காகக் ‘குறைத்துப் போட்டுக்கொள்ளலாம் சார்’ என்று தாமே யோசனை சொல்லும் ஏஜென்ட்களையும் நான் குற்றமற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுடைய குற்றம் முதலாளியின் சுமையைக் குறைப்பதில்லை. நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தின் பேரில் எழுந்த ஒப்பந்தத்தை ஏமாற்றப்பட்டவர் ரத்துசெய்துகொள்ள இடம் தருகிறது.

பொய்யான படிவத்தோடு விபத்தைச் சந்திக்கும் முதலாளி அடுத்தடுத்துச் செய்யும் காரியங்கள் நிலைமையை மேலும் கெடுக்கின்றன. பட்டியலில் இல்லாதவர் அடிபட்டிருந்தால், பட்டியலில் இருப்பவர் பெயரில் மருத்துவமனையில் சேர்க்கலாமா என்ற யோசனை வருகிறது. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டிலும் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையிலும் ஏறிய பெயர் பிறகு மாறாது. சிவில் பிரச்சினையாக இருந்தது அந்த ஒரு செயலால் மோசடி வழக்காக மாறிவிடும். மற்றொரு வழி, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் ‘பேசி முடித்துக்கொள்வது’. குடும்பத்தை அழைத்து, இரண்டு மூன்று லட்சத்தைக் கையில் கொடுத்து, இனி எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குகிறார்கள். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, மரணத்துக்கான இழப்பீட்டை ஆணையரிடமே செலுத்த வேண்டும். நேரடியாகக் கொடுத்தது, சிறிய முன்பணம் தவிர, இழப்பீடாகவே கருதப்படாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் 17ஆம் பிரிவின்படி செல்லாது. குடும்பம் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போட்டால், முழுத் தொகையையும் மறுபடி கொடுக்க வேண்டிவரும்.

இப்படிப் பேசிக்கொண்டே இருக்கும் காலத்தில் வட்டியும் ஏறுகிறது. ஒரு மாதத்துக்குள் செலுத்தத் தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்று ஆணையர் கருதினால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதம். ஒரு வாகன விபத்து வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம், வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டும், அபராதம் முதலாளியின் சொந்தத் தவறுக்கானது என்பதால் அவரே கொடுக்க வேண்டும் என்றது. வாகனம் சாராத தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியில், காப்பீடு கட்டாயமில்லை என்பதால், வட்டியையும் விலக்கி எழுதிக்கொள்ளலாம் என்று 2006இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. ஆணையரின் உத்தரவை எதிர்த்து முதலாளி மேல்முறையீடு செய்யவும், தொகையை முதலில் செலுத்திய சான்றிதழ் வேண்டும்.

இதுவரை முதலாளிக்கு வரும் நட்டத்தையே அதிகம் சொன்னேன். படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் அவர் என்பதால். ஆனால் இந்தப் பொய்யின் முழுக் கனத்தையும் தாங்குவது தொழிலாளியின் வீடு. பாலிசியில் 8,000 என்று எழுதிய முதலாளி, அதற்கு ஒத்துப்போகச் சம்பளப் பதிவேட்டையும் 8,000 என்றே வைத்திருப்பார். மீதி 7,000 சனிக்கிழமை தோறும் கையில் ரொக்கமாகப் போகும். அவர் இறந்த பிறகு, உண்மையில் எவ்வளவு வாங்கினார் என்பதை மனைவி எதைக் காட்டி நிரூபிப்பார்? 8,000 ரூபாய்க் கணக்கில் 30 வயதுக்காரருக்கு வருவது 8,31,920 ரூபாய். அந்தக் குடும்பம் 7,27,930 ரூபாயை இழக்கிறது. பிள்ளைகளின் படிப்பும் வீட்டு வாடகையும் அந்தத் தொகையில்தான் இருந்தன. மற்றொன்றும் இருக்கிறது. முதலாளி திவாலாகிவிட்டால், காப்பீட்டு நிறுவனத்திடம் அவருக்கு இருந்த உரிமை தொழிலாளிக்கு மாறும் என்று 14ஆம் பிரிவு பாதுகாப்புக் கொடுத்தது. ஆனால் முதலாளிக்குக் கொடுக்க வேண்டியதைவிட அதிகமாக நிறுவனம் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்றும் அதே பிரிவு சொன்னது. முதலாளியின் பொய் அவர் ஓட்டாண்டியான பிறகும் தொழிலாளியைத் துரத்தும் என்பதே இதன் பொருள். தொழிலாளி அந்தப் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். இதை எண்ணும்போதுதான், இது வெறும் கணக்கு விஷயம் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடிவதில்லை.

சக தொழில்முனைவோரையும் இது பாதிக்கிறது. ஒரே ரகச் சரக்கை ஒரே சந்தையில் விற்கும் இரண்டு ஆலைகளில், எல்லோரையும் கணக்கில் காட்டுபவர் மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று கூடுதல் செலவைச் சுமக்கிறார். மறைப்பவர் அந்த அளவுக்கு விலையைக் குறைத்து ஏலத்தில் முந்துகிறார். ஒரு தொழிலுக்குக் குறைவான பிரீமியமும் நிறைய கிளைமும் வந்தால் அந்தத் தொழிலின் விகிதமே உயரும் என்பதால், அடுத்த ஆண்டு உண்மை சொன்னவர்தான் அதிகம் கட்டுகிறார்.

சொல்ல வேண்டிய விவரங்கள் முன்பைவிட இப்போது கூடியிருக்கின்றன. சர்க்கரை ஆலை ஒன்றின் காவலாளி அதிகாலைப் பணிக்குச் செல்லும் வழியில் விபத்தில் இறந்த வழக்கில், இடம், நேரம், சூழல் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் வேலைக்குப் போய்வரும் வழியில் நடப்பதும் வேலையின்போது நடந்த விபத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. புதிய சட்டத்தொகுப்பும் அதையே வெளிப்படையாகச் சொல்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்காட்டுச் சாலையில் விடிவதற்கு முன்பே இருசக்கர வாகனத்தில் ஏறுபவர்களும், தோட்டத்துக்குப் பிக்கப் வண்டியில் நின்றுகொண்டே போகும் பெண்களும் இனி இந்தக் கணக்கில் வருவார்கள். ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள், எதில் வருகிறார்கள், இரவுப் பணி உண்டா என்பதெல்லாம் இனிமேல் காப்பீட்டு நிறுவனத்திடம் பேச வேண்டிய செய்திகள். சம்பளத்தின் வரையறையும் மாறியிருக்கிறது. படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகவே கருதப்படும் என்பதால், அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கிப் படிகளை ஊதிக் காட்டும் பழைய முறை இனிப் பலிக்காது.

இப்போது கையில் இருக்கும் பாலிசி குறைத்து எழுதப்பட்டது என்று உணரும் முதலாளிக்கு வழி அடைபட்டுவிடவில்லை. பாலிசிக் காலத்தின் நடுவிலேயே ஆட்களின் எண்ணிக்கையையும் வேலை வகையையும் சம்பளத்தையும் உயர்த்தித் திருத்த ஒப்புதல் கேட்கலாம். மீதமுள்ள காலத்துக்கான பிரீமியத்தைக் கட்டினால் நிறுவனம் அதைச் சேர்த்து எழுதிக் கொடுக்கும். பறிப்புக்கும் கிழங்குப் பருவத்துக்கும் ஆட்கள் கூடும்போதும் இதே வழிதான். ஒப்பந்த ஆட்கள், தொழில்சார் நோய், மருத்துவச் செலவு ஆகிய மூன்றும் பாலிசிக்குள் இருக்கின்றனவா என்பதையும், அபராதமும் வட்டியும் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும், ஏஜென்டின் வாய்ச்சொல்லை நம்பாமல், பாலிசித் தாளிலேயே படித்துப் பார்க்க வேண்டும். திருத்தம் அது ஏற்கப்பட்ட தேதியிலிருந்துதான் செல்லும்; நேற்று நடந்த விபத்துக்கு இன்று கட்டும் பிரீமியம் பயன்படாது.